புழக்கடை அடுப்பு

வீடு கட்டத் தொடங்குகிறவனுக்கு ஊரெல்லாம் யோசனை சொல்லும் என்பது நேயர்கள் அறியாததல்ல. நாமும் கோயமுத்தூருக்கு வெளியே நான்கு சென்ட் நிலத்தில் ஒரு சிறு வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறோம். வாசற்படி எந்தத் திசையில், பூஜை அறை எந்த மூலையில், மோட்டார் கார் நிற்கும் கொட்டகை எத்தனை அடி நீளம் என்று பேசாத நண்பர் ஒருவரும் இல்லை. (கார் இன்னும் வாங்கவில்லை.) சமையலறையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மிஞ்சிய இடத்தில், எட்டடிக்கு ஏழடியாக, அது தானே ஒடுங்கிக் கொண்டது. "பின்புறம் ஒரு தாழ்வாரம் இறக்கி, அங்கே ஓர் அடுப்பும் போட வேண்டும்" என்று நம் மனைவி கேட்டபோது, "காஸ் அடுப்பு இருக்கையில் இது என்ன பட்டிக்காட்டு ஆசை?" என்று சொல்லி விட்டோம்.

இது நடந்து சில நாட்களுக்கெல்லாம், நம்மிடம் படித்த பிள்ளை ஒருவனின் வீட்டு விசேஷத்திற்காகக் காங்கயத்துக்கு அருகே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். புது வீடு. சமையலறையில் பளபளக்கும் கருங்கல் மேடை, புகை இழுக்கும் யந்திரம், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள். எல்லாம் இருந்தன, சமைக்கிறவர்கள்தான் இல்லை. அடுப்பு எரிந்து கொண்டிருந்தது வீட்டுக்குப் பின்னால், வேப்பமர நிழலில், பழைய சாளையை ஒட்டிய தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே.

"ஏனுங்க ஆத்தா, உள்ளே இவ்வளவு சௌகரியம் இருக்கும்போது இங்கே எதற்கு?" என்று அந்தப் பிள்ளையின் பாட்டியைக் கேட்டோம்.

"அது வந்தவங்க பாக்கறதுக்குங்க, வாத்தியாரய்யா. அதுக்குள்ள நாலு மொளகாயக் கிள்ளித் தாளிச்சா ஊடே தும்முமுங்க" என்றார் அந்த அம்மாள். மருமகள் சிரித்தாள், மறுக்கவில்லை.

அந்த அடுப்பைச் சற்று நின்று பார்த்தோம். களிமண்ணும் சாணமும் பூசிய பெரிய அடுப்பு. அதன் பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. பெரிய அடுப்பில் மூட்டிய தீயின் அனல் உள்வழியாகக் கொடியடுப்புக்குப் போகிறது. முன்னதில் அரிசியும் பருப்பும் பொங்கும்போது, பின்னதில் தனி விறகில்லாமலே கொள்ளு ரசம் சூடேறிக் கொண்டிருக்கிறது. எரிப்பதற்குத் தென்னை மட்டையும் பாளையும், முன்னெல்லாம் பருத்திமார். மேற்கே மட்டும் ஆளுயரத்துக்கு மண்சுவர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு அந்தச் சுவரின் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லையேல் தீப்பொறி நேரே கூரைக்குப் பறக்கும். கூரை வீட்டுக்காரர்கள் அடுப்பை வெளியே வைத்ததற்கே முதற் காரணம் நெருப்புப் பயம்தான். அதன்மேல் நெல் அவிப்பது, குளிக்க வெந்நீர் போடுவது, மாட்டுக்குக் கொள்ளு வேக வைப்பது என்று கைக்கடங்காத வேலைகள் வேறு. பட்டிப் பொங்கலன்று கட்டுத்தரைக்கு அருகே அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பதும் இந்தப் பழக்கத்துக்கு ஒட்டியதே.

அன்று பந்தலின் கீழே ஆறு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி காய் நறுக்கினாள், ஒருத்தி குழந்தைக்குப் பாலூட்டினாள், மற்றவர்கள் பேசினார்கள். நம் எட்டடி அறையில் இரண்டாவது ஆள் நுழைந்தால் முதலாவது ஆள் வெளியேற வேண்டும். ஆட்டுக்கல் மட்டும் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. 1955-இல் கோயமுத்தூரில் உருவான மின்சார மாவரைக்கும் யந்திரம் அதற்கு ஓய்வு கொடுத்து விட்டது. அதற்காக யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. நாமும் விடப் போவதில்லை.

பழமை எல்லாம் பொன் என்று நாம் சொல்ல வந்ததாக நேயர்கள் எண்ண வேண்டாம். நம் தாயார், ஜன்னல் இல்லாத ஒரு வாடகை வீட்டு அடுப்படியில் இருபது வருஷம் விறகு ஊதினார்கள். பின்னாளில் இருமல் நிற்காமல் போகவே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "பீடி குடிக்கும் பழக்கம் உண்டா?" என்பது. அம்மா சிரித்து விட்டார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 2020-ஆம் வருஷத்தில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

இதைத் தடுக்க முயலாமலில்லை. ஐதராபாத் எஞ்சினீர் எஸ். பி. ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி ஒரு நூலே எழுதி 1953-இல் வெளியிட்டார். 1983 வாக்கில் மத்திய சர்க்கார் சீர்திருத்த அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி 2002-இல் நிறுத்தியது. 2016-இல் உஜ்வலா என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களுக்கு காஸ் இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. காஸ் வந்தது பெரிய விடுதலை. அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் விறகுப் புகை போனதோடு காற்றே வேண்டாம் என்று நாம் முடிவு கட்டி விட்டோமே, அதுதான் விபரீதம். எண்ணெய்ப் புகைக்கும் மிளகாய் நெடிக்கும் காஸ் அடுப்பு எந்த விதத்தில் பொறுப்பு?

பாங்காக்கில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவனுக்கு இதைப் பற்றி எழுதினோம். முன்பு சயாம் என வழங்கிய அந்தத் தேசத்தில், தூண்களின் மேல் நிற்கும் பழைய மர வீடுகளில் சமையற்கட்டு பின்னால் தனியே இருக்குமாம்; தரைப் பலகைகளுக்கு இடையே சந்து விட்டிருப்பதால் கழுவிய நீர் கீழே வடிந்து விடும். இன்று நகரத்தில் காங்க்ரீட் வீடு கட்டுகிறவர்களிலும் பலர் இரண்டு சமையலறை வைத்துக் கொள்கிறார்கள். உள்ளே இருப்பது 'க்ருவா பராங்', அதாவது வெள்ளைக்காரச் சமையலறை. அங்கே காப்பி போடலாம், ரொட்டி வாட்டலாம். பின்புறம் திறந்தாற்போல் இருப்பது 'க்ருவா தாய்'. கல்லுரலில் மிளகாயும் பூண்டும் இடிப்பதும், கொதிக்கும் எண்ணெயில் வதக்குவதும் அங்கேதான். "இதை இங்கே யாரும் பட்டிக்காடு என்று சொல்வதில்லை, ஸார்" என்று அவன் முடித்திருந்தான். வீட்டில் நடந்த பேச்சு அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, அறியோம்.

கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினோம். அவள் ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் படத்தை எடுத்து வந்து எதிரே விரித்தாள். மறுநாள் மேஸ்திரியிடம் காஸ் அடுப்புக்குப் பின்புறம் ஒரு மேடை, தலைக்கு மேல் ஓடு, மேற்கே ஒரு சுவர், மற்றப் பக்கங்கள் திறப்பு என்று சொன்னோம்.

"அப்ப காரு எங்கீங்க நிக்கும்?" என்றார் அவர்.

வாங்கியபின் யோசிக்கலாம் என்றோம். அவர் பென்சிலை எடுத்துக் கொட்டகையின் மேல் ஒரு கோடு இழுத்தார்.