நிலத்தை விற்பதுதான் ஒரே வழியா? வேளாண் சுற்றுலா காட்டும் பாதை

வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பும் நம் சகோதரர்கள் பலருக்கு ஊரில் கொஞ்சம் வயலோ தென்னந்தோப்போ இருக்கிறது. அதில் வரும் வருமானம் கூலிக்கும் உரத்துக்குமே சரியாகிவிடுகிறது. கடைசியில் மனை போட்டு விற்றுவிடுகிறோம். இதற்கு மாற்றாக இன்று வேளாண் சுற்றுலா பேசப்படுகிறது. இது கிராமத்தைக் கரையேற்றுமா?

இதில் முன்னோடி நாடு இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர, பண்ணை வீடுகள் பாழடைந்தன. 1985-ல் அந்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. விவசாயி மட்டுமே விருந்தினரைத் தங்க வைக்கலாம். விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், சுற்றுலா அதற்குத் துணையாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று அங்கு 25,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் இத்தொழிலில் உள்ளன.

நம் நாட்டில் மகாராஷ்டிரா முந்திக்கொண்டது. பாராமதி பகுதியில் 2005 வாக்கில் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 2020-ல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இதில் விவசாயிக்கு வாடகை மட்டும் லாபமல்ல. இடைத்தரகர் இல்லாமல் தன் விளைச்சலைத் தானே விலை வைத்து விற்க முடிகிறது.

நிலமில்லாதவர்களுக்கு என்ன பயன்? கேரளாவின் குமரகம் இதற்குப் பதில் தருகிறது. 2008-ல் அங்கு தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்கத் தொடங்கின. விடுதிக்கு வரும் பணம் ஊருக்குள் சுழன்றால்தான் அது வளர்ச்சி. இல்லாவிட்டால் ஒருவருடைய வியாபாரம், அவ்வளவுதான்.

எச்சரிக்கையும் தேவை. விருந்தினர் வருவது பெரும்பாலும் வார இறுதியிலும் விடுமுறையிலும்தான். எனவே இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பினால் நிலமும் போகும், நிம்மதியும் போகும். இருக்கும் வீட்டில் இரண்டு அறைகளைச் சீர்செய்து தொடங்குவதே அறிவுடைமை. பண்ணை என்ற பெயரில் மது விருந்து நடத்தும் விடுதியாக மாறிவிடாமலும் காக்க வேண்டும்.

நமக்கென்று ஒரு வாய்ப்பும் இதில் உண்டு. ஹலால் உணவு, தொழுகைக்கு இடம், பெண்களுக்குத் தனிமை, பிள்ளைகள் ஓடியாட மண் என எல்லாம் ஒருசேரக் கிடைக்கும் இடத்தைத் தேடும் குடும்பங்கள் நகரங்களில் நிறைய உள்ளன. விருந்தினரை உபசரிப்பது ஈமானோடு சேர்ந்தது என்று கற்ற சமுதாயம் நாம். நட்ட மரத்தில் பறவை உண்டாலும் அது தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

மனைக்கு விற்ற நிலம் மீண்டும் வயலாவதில்லை. விற்பதற்கு முன், இந்த வழியையும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒருமுறை ஆலோசிப்போம்.