முட்டுக் கொடுத்தவள்

பழைய அலுமினிய டிரெய்லரைப் புதுப்பித்து முடித்தவர்கள் கடைசியில் இரண்டு புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவதில் கணவர் வெளியே நிற்கிறார். கையில் பாலிஷ் போடும் எந்திரம். பின்னால், முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல மின்னும் தகடு. இரண்டாவதில் மனைவி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். கட்டம்போட்ட திரைச்சீலை, பூப்போட்ட மெத்தை உறை, கையில் ஒரு தேநீர்க் கோப்பை. அவர் வண்டியை மீட்டார், இவர் அதை வீடாக்கினார் என்று சொல்லாமல் சொல்லும் படங்கள். ஆளும் ஊரும் மாறுகின்றன, இந்த ஏற்பாடு மாறுவதில்லை. அந்த இரண்டாவது படத்தின் மேல்தான் எனக்குக் கோபம். திரைச்சீலை மாட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண் வண்டிக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

நமக்கு டிரெய்லர் என்றால் படத்தின் முன்னோட்டம். கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டி. நான் சொல்வது, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வீடு. அதிலும் அமெரிக்கர்கள் சாமி சிலை போலப் பாதுகாப்பது ஏர்ஸ்ட்ரீம் என்னும் வகையை. வாலி பையம் என்பவர் 1936இல் கிளிப்பர் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டி. விலை 1,200 டாலர். பொருளாதாரப் பெருமந்தம் முழுதும் தீராத நாளில் அது பெரிய பணம். வளைத்த அலுமினியத் தகடுகளை ரிவிட் அடித்துச் சேர்த்த கூடு அது. விமானத்தின் உடம்பை இறக்கை இல்லாமல் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இன்று மழையில் கிடந்து மக்கிய கூட்டைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டு மூன்று வருடம் அதனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அங்கே ஏராளம்.

ஆய்வு நல்கை ஒன்றில் ஐந்து மாதம் ஒஹையோ மாநிலத்தில் இருந்தேன். 1952 முதல் அந்த வண்டிகளைக் கட்டிவரும் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூர் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தனியாக வாழ்பவர். அவர் வீட்டுக் கொல்லையில் 1964ஆம் ஆண்டின் 22 அடி சஃபாரி ஒன்று பாதி பிரித்த நிலையில் நின்றது. சனிக்கிழமைகளில் பொழுது போகவில்லை என்று போய் நின்றவள், ஐந்து மாதமும் அதிலேயே கிடந்தேன்.

வெளியே மின்னுகிற வண்டி உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். இவ்வகை வண்டிகளில் சுவர் இரண்டு அடுக்கு. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு. உள்தகட்டைக் கழற்றியதும் அந்தப் பஞ்சு முழுக்க எலிக்கூடு. அறுபது வருட மூத்திர நாற்றம். முகமூடியும் கையுறையும் போட்டு மூட்டை மூட்டையாக அள்ளினோம். தரை ஒட்டுப்பலகை. தகட்டு இணைப்பிலும் சன்னல் விளிம்பிலும் கசிந்த நீர் சுவருக்குள் இறங்கி, பின்பக்கப் பலகையின் ஓரத்தை முதலில் தின்னும். மேலே விரிப்பு நன்றாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. விரல் வைத்தால் ஊறிய ரஸ்க் போல உதிரும். வெளிக்கூட்டையும் அடியில் உள்ள இரும்புச் சட்டத்தையும் பிணைப்பது அந்தப் பலகைதான். அது போனால் வண்டியின் பின்பகுதி சட்டத்திலிருந்து விலகித் தனியே ஆடத் தொடங்கிவிடும். பின்பக்க பம்பர்மேல் ஏறி நின்று குதித்துப் பார்ப்பது வாங்குபவர்கள் செய்யும் சோதனை. சட்டம் மட்டும் கீழே இறங்கி, கூடு இறங்காமல் நின்றால், பலகை செத்துவிட்டது என்று பொருள். எங்கள் வண்டியில் அது செத்துத்தான் போயிருந்தது.

இதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதி, படம் வரைந்து, அளவெடுத்து வைத்திருந்தார் அந்த அம்மாள். அச்சின் ரப்பர் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று உதிரிபாகக் கடை ஒன்றுக்குத் தொலைபேசினார். மறுமுனையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேலை செய்கிறவரைப் பேசச் சொல்லுங்கள் என்றார். நான்தான் என்றார் இவர். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் அதே கேள்விகளை முதலிலிருந்து, மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

அடுத்தது ரிவிட். ஆணி மாதிரி ஒற்றை ஆளாக அடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஒரு பக்கமிருந்தே அடிக்கிற வகை உண்டு. ஆனால் வெளித்தகட்டில் தொழிற்சாலை அடித்தது கெட்டி ரிவிட். அதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவர் ரிவிட்டைத் துளையில் செருகி, காற்றழுத்தத் துப்பாக்கியைத் தலைமேல் வைத்து அழுத்துகிறார். உள்ளே இருப்பவர் வால் நுனியில் ஒரு இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிக்கிறார். துப்பாக்கி தடதடவென்று அடிக்க, முட்டு இரும்பில் மோதி வால் நசுங்கிக் குடைபோல் விரிகிறது. இரண்டு மூன்று விநாடி. முட்டு சாய்ந்தால் வால் கோணிக்கொள்ளும். முட்டு விலகினால் தகடு குழியும். குழிந்த தகடு பாலிஷ் போட்ட பிறகு ஆயுள் முழுக்கக் காட்டிக்கொடுக்கும். நசுங்கியது போதுமா, இன்னும் அடிக்க வேண்டுமா என்று தெரிவது உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான். வெளியிலிருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. நாங்கள் தட்டிக் குறி சொல்லிக்கொண்டோம். ஒரு தட்டு: சரி. இரண்டு: இன்னொரு முறை. மூன்று: கெட்டுவிட்டது, துளைத்து எடு.

அதாவது, தீர்ப்புச் சொல்வது முட்டுக் கொடுப்பவள். ஆனால் உலகம் அவளை உதவியாள் என்கிறது. நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஊருக்குப் பேசும்போது, வீட்டுக்கார அம்மாவுக்குச் சும்மா கொஞ்சம் உதவி செய்கிறேன் என்றேன்.

இந்த 'சும்மா உதவி' எனக்குப் பழகிய சொல். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் மூத்த அறிஞர் ஒருவரின் பதிப்புப் பணியில் இருந்தேன். ஏடு ஒப்பிடுவதும் இரண்டு ஆள் வேலைதான். ஒருவர் வாசிக்க, மற்றவர் எதிரே உள்ள படியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். எங்கே பாடம் மாறுகிறது என்று நிறுத்தச் சொல்வது விரல் வைத்திருப்பவர். நான்கு வருடம் விரல் வைத்திருந்தது நான். நூல் வந்தபோது அட்டையில் ஒரு பெயர் இருந்தது. முன்னுரையின் கடைசிப் பத்தியில், தட்டச்சுக்காரருக்கும் காகிதம் கொடுத்தவருக்கும் நடுவில், 'உறுதுணையாக இருந்த மாணவி' என்று நான் இருந்தேன். பெயர்கூட இல்லை. கட்டட வேலையில் கல்லும் கலவையும் சுமந்து ஏறுகிறவளுக்குச் சித்தாள் என்று பெயர் வைத்த மொழி அல்லவா நம்முடையது! சின்ன ஆள், கூலியும் சின்னது.

அலுமினியத்துக்குத் திரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு அலுமினியத்தைப் போர்த்தேவைக்கு ஒதுக்கியது. டிரெய்லர் தயாரிப்பு நின்றது. பையமும் விமானத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அதே காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்நாட்டு விமானத் தொழிலில் சேர்ந்தார்கள். ஜோடி ஜோடியாக நின்று, ஒருத்தி துப்பாக்கி பிடிக்க, ஒருத்தி இறக்கைக்குள் கையை நுழைத்து முட்டுக் கொடுக்க, ரிவிட் அடித்தார்கள். போர் முடிந்ததும் ஆண்கள் திரும்பினார்கள். பெருவாரியான பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விமானம் கட்டிய கைத்திறன் மீண்டும் டிரெய்லர் கட்ட வந்தது. அந்தத் திறனைக் கையில் வைத்திருந்தவளை அந்த வண்டிக்குள் எங்கே நிறுத்தினார்கள்? அடுப்படியில். தான் அடிக்கத் தெரிந்த ரிவிட்டுகளின் நடுவில் நின்று அவள் முட்டை பொரித்தாள்.

'ரிவிட்டர் ரோஸி'யை நம்மில் பலர் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறோம். நான் உட்பட. 1943 மே மாதம் ஒரு வார இதழின் அட்டைக்கு நார்மன் ராக்வெல் வரைந்த ரோஸியைப் பாருங்கள். மடியில் ரிவிட் துப்பாக்கி, கையில் சாண்ட்விச், காலடியில் ஹிட்லரின் புத்தகம். கம்பீரமான படம். ஆனால் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறாள். முட்டு இரும்பு பிடித்தவள் எங்கே? பெண்ணைக் கொண்டாடும்போதும் துப்பாக்கி பிடித்தவளைத்தான் கொண்டாடத் தெரிகிறது. இந்தக் குறை ஆண்களுடையது மட்டும் இல்லை.

ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பையத்தின் முதல் மனைவி மேரியன், சமையலறை இல்லாமல் முகாமுக்கு வர மறுத்தாராம். அதனால்தான் ஃபோர்டு மாடல் டி காரின் அடிச்சட்டத்தின்மேல் பையம் தன் முதல் வண்டியைக் கட்ட ஆரம்பித்தாராம். செல்லமான மனைவி, விட்டுக்கொடுத்த கணவன் என்று சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புழுதியில் குந்தி, காற்றில் அணையும் நெருப்பை ஊதி, எல்லோருக்கும் சமைப்பது யார் என்பதில் அந்த அம்மாளுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. வர மறுத்தது செல்லத்தினால் அல்ல, வேலைப் பிரச்சினையினால். அதற்குக் கிடைத்த தீர்வு, அவளுடைய சமையலறைக்கும் சக்கரம் மாட்டிவிட்டது. அவர் ஒருவேளை சமைத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் ஏர்ஸ்ட்ரீமே பிறந்திருக்காதோ என்னவோ.

1954இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தைக் கிடைத்தால் பாருங்கள். கணவன் காரை ஓட்டுகிறான். பின்னால் ஓடும் டிரெய்லருக்குள் லூசில் பால் இரவு உணவு சமைக்க முயல்கிறார். வண்டி குலுங்கக் குலுங்க மாவும் காய்கறியும் பாத்திரமும் அவர் மேலேயே கொட்டுகின்றன. அரங்கம் சிரித்திருக்கும், நானும் சிரித்தேன், அவர் அப்படிப்பட்ட நடிகை. ஆனால் வண்டி நின்ற பிறகு சமைத்தால் என்ன, சேர்ந்து சமைத்தால் என்ன என்று கேட்க அந்தக் கதையில் ஆளில்லை.

இவர்கள் 'மீட்கிற' பொற்காலம் இதுதான். அதிலும் யாருடைய பொற்காலம்? கிளிப்பர் வந்த அதே 1936இல்தான் நியூயார்க்கில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பின அஞ்சல் ஊழியர் தம் முதல் 'கிரீன் புக்'கை வெளியிட்டார். கறுப்பினத்தவர் சாலையில் போனால் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று சொல்லும் கையேடு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதற்குத் தேவை இருந்தது. திறந்த சாலை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பழைய பிங்க் நிற அடுப்பையும் பழைய வானொலியையும் தேடிப் பிடித்துப் பொருத்துகிறவர்கள், கூடவே எதைப் பொருத்துகிறோம் என்று கேட்டுக்கொள்வதில்லை.

அமெரிக்கக்காரியின் பொழுதுபோக்கு, இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன குடும்பங்களில், முந்தின நாள் விடிய விடியப் புளிச்சோறு கிளறியது யார்? இன்றும் வேன் பிடித்துக் குற்றாலம் போனால், போய்ச் சேர்ந்ததும் ஸ்டவ்வைப் பற்றவைப்பது யார்? பெண்ணுக்கு ஊர் மாறுகிறது, வேலை மாறுவதில்லை.

பெண்கள் மட்டும் சேர்ந்து பழைய டிரெய்லர்களில் ஊர் சுற்றும் குழுக்களும் அங்கே இருக்கின்றன. 1999இல் இரண்டு சகோதரிகள் தொடங்கிய 'சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை' பெயர்பெற்றது. ஆண்களும் குழந்தைகளும் இல்லாமல் தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமை உண்டு. அங்கேயும் திரைச்சீலையும் பூவேலையும் இருக்கும், இருக்கட்டும். தையல் ஒன்றும் குற்றமில்லை. அதை மட்டும் படம் எடுப்பதுதான் குற்றம்.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு வாரம் இருந்தபோது வெளித்தகட்டு வேலை முடிந்தது. உள்சுவரை மூடும் முன் அந்த அம்மாள் மார்க்கர் பேனாவை எடுத்து, வெளித்தகட்டின் உட்புறத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுதினார். என்னிடம் கொடுத்தார். நான் தமிழில் எழுதினேன். பிறகுதான் கேட்டேன், மூடிவிட்டால் யாருக்குத் தெரியும், வெளியே கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில் பொறித்து மாட்டலாமே என்று. அடுத்து பிரிக்கிறவர் பார்ப்பார் என்றார். அதற்கு இன்னும் அறுபது வருடம் ஆகும் என்றேன். அவர் சிரித்தார். அன்று சாயங்காலம் முழுக்க அதையே பேசிச் சண்டை போட்டோம். மறுநாள் பஞ்சை வைத்து, உள்தகட்டைப் பொருத்தி, மூடிவிட்டோம்.

போன மாதம் படம் அனுப்பியிருந்தார். வண்டி பளபளவென்று நிற்கிறது. கதவுக்குப் பக்கத்தில் இன்னும் தகடு எதுவும் இல்லை. நான் மறுபடி எழுதியிருக்கிறேன்.