படியேற முடியாத தாயும் பழைய வரியும்

சகோதரிகளே, மாடிப்படி ஏற முடியாத வயதில் ஒரு தாய் தன் பெரிய வீட்டை விற்று, மகள் இருக்கும் ஊரில் சிறிய வீடொன்றை வாங்க நினைக்கிறாள். யார் தடை நிற்பார்? மருமகன் என்பீர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நெடுங்காலம் தடையாக நின்றது வரிச் சட்டம்.

நாம் சோலை வரி என்கிறோமே, அதுபோன்ற வரி அங்கும் உண்டு. 1978 இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13 ஆம் இலக்கப் பிரேரணை அதற்குக் கடிவாளம் இட்டது. அடிப்படை வரி, வீட்டுப் பெறுமதியில் நூற்றுக்கு ஒன்று. சந்தை விலை எவ்வளவு ஏறினாலும், வரிக்குரிய பெறுமதி வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உயராது. ஆனால் புதிதாக வீடு வாங்குபவருக்கு, வாங்கிய விலையே பெறுமதி.

கணக்கைப் பாருங்கள். பழைய வீட்டின் வரிப் பெறுமதி 2 இலட்சம் டொலர் என்றால் வரி 2,000 டொலர். அதைச் சந்தை விலையான 10 இலட்சத்துக்கு விற்று, 8 இலட்சத்துக்குச் சிறிய வீடு வாங்கினால் வரி 8,000. வீடு சிறுத்தது, வரி நான்கு மடங்கானது! ஓய்வூதியத்தில் சீவிப்பவர் எப்படி அசைவார்?

1986 இல் 55 வயதானோருக்கு ஒரு வழி திறந்தது. பழைய வரிப் பெறுமதியைப் புதிய வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆனால் அதே மாவட்டத்துக்குள், விலை கூடாத வீட்டுக்கு, ஒரே ஒரு முறை. 1988 இல், மற்ற மாவட்டம் சம்மதித்தால் அங்கும் போகலாம் என்றார்கள். பெரும்பாலானவை சம்மதிக்கவில்லை.

2020 இல் நிறைவேறிய 19 ஆம் பிரேரணைதான் கதவை நன்றாகத் திறந்தது. 2021 ஏப்ரல் முதல், குடியிருந்த வீட்டை விற்பவர் மாநிலத்தின் எந்த மூலைக்கும், மூன்று முறை வரை, பழைய பெறுமதியுடன் போகலாம். புதிய வீடு விலை கூடியதென்றால் மிகுதி மட்டும் சேர்க்கப்படும். கடுமையான உடற்குறை உள்ளோருக்கு வயதெல்லை இல்லை.

இதற்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள். முன்பு பெற்றோரின் வீடு பழைய வரியோடு கைக்கு வரும், வாடகைக்கும் விடலாம். இப்போது பிள்ளை அதில் குடியிருந்தால்தான் சலுகை, அதுவும் ஓர் எல்லைக்குள். குறைப்படுவோர் அங்கே பலர். எனக்கு இதில் அநியாயம் தெரியவில்லை. வாடகை வாங்கும் மகனைவிட, முழங்கால் வலியோடு படியேறும் தாயின் தேவை பெரிது.

அங்கே உறவினர் உள்ளவர்கள் சொல்லி வையுங்கள்: சலுகை தானாக வராது. விற்கும் நாளில் 55 வயது நிறைந்திருக்க வேண்டும். விற்பனைக்கும் புதிய வீடு வாங்குவதற்கும் இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. புதிய வீடுள்ள மாவட்டத்தின் வரி மதிப்பீட்டாளரிடம் மூன்று வருடத்துக்குள் விண்ணப்பித்தால் தொடக்கத்திலிருந்தே சலுகை கிடைக்கும். பிந்தினால் விண்ணப்பித்த வருடத்திலிருந்துதான்.