உண்மையா என்று கேட்பதற்கு முன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கொற்கைக்கு அருகிலுள்ள நம் மதரஸாவில் ஹதீஸ் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்றபின், கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். ஓய்வு நேரங்களில் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதி வருபவர் அவர். புகழ்பெற்ற திரைக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில், அவர் தன்பால் ஈர்ப்பு உடையவர் என்று ஒரு வரி சேர்க்க விரும்புவதாகச் சொன்னார். "ஹஜ்ரத், செய்தியை விசாரித்துத்தான் எழுத வேண்டும் என்று பாடத்தில் சொன்னீர்கள். விசாரித்துவிட்டேன். ஐந்து ஆதாரங்கள் இருக்கின்றன" என்று கைப்பேசியை நீட்டினார்.

ஐந்தையும் வாங்கிப் பார்த்தோம். முதல் இரண்டும் செய்தித் தளங்கள்; இரண்டுமே மூன்றாவதாக இருந்த ஒரு கிசுகிசுப் பத்தியைப் பார்த்து எழுதப்பட்டவை. நான்காவது, அதே பத்தியை ஒருவர் வாசித்துக் காட்டும் காணொளி. ஐந்தாவது, வேறொரு மொழியின் தளம். அது முதல் செய்தியையே சான்றாகக் காட்டியிருந்தது. அந்தக் கிசுகிசுப் பத்தியிலோ எழுதியவர் பெயரும் இல்லை, சொன்னவர் பெயரும் இல்லை. ஹதீஸ் கலை பயின்றோர் இதை உடனே அறிந்துகொள்வர். ஐந்து அறிவிப்பாளர் தொடர்களும் மேலே சென்று இன்னாரென்று அறியப்படாத ஒரே ஆளிடம் முடியுமானால், அது ஐந்து சான்று ஆகாது. பலவீனமான ஒரே செய்திதான். கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே பதிவு செய்துள்ளார்.

மாணவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் வலுவான ஆதாரம் கிடைத்தால் எழுதலாமா?" அந்தக் கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மார்க்கம் இத்தகைய உறவைப் பற்றி என்ன சொல்கிறது என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. அதை மறைக்கவோ மாற்றவோ நாம் வரவில்லை. ஆனால் ஒரு செயலைப் பற்றிய மார்க்கச் சட்டம் வேறு. அதைத் தேடி ஒரு மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை வேறு. நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு பணிக்கிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம், பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. முதல் வசனம், நம்மைத் தேடி வந்த செய்தியால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாமல் நம்மைக் காக்கிறது. இரண்டாம் வசனம், நாமே செய்தியைத் தேடிப் பிறர் வாழ்வுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. ஒரு நடிகரின் அந்தரங்க நாட்டம் இன்னது என்று அறிந்து நாம் செய்ய வேண்டிய கடமை ஏதும் இல்லை. கடமை இல்லாத இடத்தில் விசாரணை என்பது துருவுதலாகவே ஆகிவிடும்.

"உண்மையாக இருந்தால் என்ன தவறு?" என்போருக்கு, நம் சமுதாயம் பெருமையோடு பேசும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நினைவூட்டுகிறோம். அங்கே நவீன இந்திய மொழிகள் துறையில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ். 2010 பிப்ரவரி 8 அன்று, சிலர் படக்கருவியுடன் அவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்து, அவர் மற்றோர் ஆணுடன் இருந்ததைப் படம் பிடித்தனர். பல்கலைக்கழகம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. ஏப்ரல் 7 அன்று அவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார்.

அந்தப் படம் பிடித்தவர்களிடம் வதந்தி இல்லை. கண்ணால் கண்ட சான்றே இருந்தது. எனினும் அவர்கள் செய்தது அறமாகிவிடவில்லை. அனுமதி பெற்று, ஸலாம் சொன்ன பிறகே பிறர் இல்லத்தில் நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை. உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே குற்றம் புரிந்துகொண்டிருந்த ஒருவரைக் கண்டபோது, "நான் செய்தது ஒரு தவறு, தாங்கள் செய்தது மூன்று" என்று அவர் சுட்டிக்காட்டியதாகவும், துருவியதும் வாசல் வழியே வராததும் அனுமதியின்றி நுழைந்ததும் தம் தவறென ஏற்று கலீஃபா திரும்பிச் சென்றதாகவும் ஒரு நிகழ்ச்சி நம் நூல்களில் பதிவாகியுள்ளது. உள்ளே இருந்தவரின் குற்றம் உண்மைதான். ஆயினும் கலீஃபா அங்கே நிற்கவில்லை.

விக்கிப்பீடியாவும் ஒரு தவறுக்குப் பின்பே இப்பாடத்தைக் கற்றது. ஜான் சீகென்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரை, கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புபடுத்தி 2005 மே மாதத்தில் யாரோ ஒருவர் அதில் எழுதிவைத்தார். சுமார் நான்கு மாதங்கள் அந்தப் பொய் அங்கேயே கிடந்தது. அதன்பின் உயிரோடிருப்போரின் வாழ்க்கைக் குறிப்புகளுக்குக் கடுமையான விதிகள் வந்தன. அவற்றுள் ஒன்று நம் பேசுபொருளுக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒருவரைப் பாலியல் நாட்டத்தின் அடிப்படையில் ஒரு பகுப்பில் சேர்க்க வேண்டுமானால், அவரே அதைப் பொதுவெளியில் அறிவித்திருக்க வேண்டும். அவருடைய பொதுவாழ்வுக்கும் அது தொடர்புடையதாக இருக்க வேண்டும். பிறர் சொன்னது எத்தனை ஏட்டில் வந்தாலும் போதாது.

அதே விதி, அதே வாக்கியத்தில், மதநம்பிக்கைக்கும் பொருந்துகிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்றும், மூன்றாம் திருமணம் செய்துகொண்டார் என்றும் 2014 தொடக்கத்தில் செய்திகள் பரவின. அவ்வாண்டு பிப்ரவரியில் அவரே ட்விட்டரில் எழுதினார்: திருமணச் செய்தி பொய், இஸ்லாத்தைப் பின்பற்றுவது உண்மை. ஒரே வதந்தியில் பாதி பொய், பாதி மெய். எந்தப் பாதி எது என்று சொல்லும் தகுதி அவர் ஒருவருக்கே இருந்தது. தம் ஈமானைத் தாமே அறிவிக்கும் வரை பிறர் காத்திருக்க வேண்டும் என்று நம் சகோதரருக்காக விரும்பும் நாம், பிறருக்கு அந்த உரிமையை மறுப்பது எங்ஙனம்?

ஃபிக்ஹுச் சட்டத்தில் இதற்கு 'இக்ரார்' என்று பெயர். ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே தரும் ஒப்புதல். அது அவரை மட்டுமே கட்டுப்படுத்தும், அவருடன் சேர்த்துப் பேசப்படும் வேறெவரையும் கட்டுப்படுத்தாது. ஒடிசாவைச் சேர்ந்த ஓட்டப்பந்தய வீராங்கனை தூத்தி சந்த், தாம் ஒரு பெண்ணுடன் உறவில் இருப்பதாக 2019 மே மாதத்தில் தாமே அறிவித்தார். அதை அவர் சொன்ன அளவில் ஒரு கலைக்களஞ்சியம் பதிவு செய்யலாம். அந்த மற்றொரு பெண்ணின் பெயரைத் தேடிச் சேர்க்க யாருக்கும் உரிமையில்லை. மார்க்கமோ ஒப்புதலைக்கூட அவசரப்பட்டு வாங்குவதில்லை. தாமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த மாஇஸ் (ரலி) அவர்களை விட்டு நபி (ஸல்) அவர்கள் பலமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரைத் தூண்டி அனுப்பியவரிடம், உம் ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு நலமாயிருந்திருக்கும் என்ற கருத்தைச் சொன்னார்கள் என அபூதாவூதில் காண்கிறோம்.

"நம் முன்னோரும் மனிதர்களின் குறைகளை எழுதினார்களே" என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஹதீஸ் அறிவிப்பாளர்கள் ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கைக் குறிப்புகளை இமாம் தஹபியும் இப்னு ஹஜரும் தொகுத்தார்கள். நினைவாற்றல் குறைந்தவர், பொய்யர் என்றெல்லாம் அவற்றில் எழுதப்பட்டுள்ளது. இமாம் நவவி, புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களுள் இதைச் சேர்த்தார். நபிமொழியைக் காக்கும் தேவை இருந்ததால். அந்த அனுமதி தேவையின் அளவோடு நின்றது. அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையைத் தொடாத அந்தரங்கத்தைத் தோண்டுவதற்கு அது இடம் தரவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இவ்விடத்திற்கே வருகிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். அரசு ஊழியர் தம் பணியில் செய்ததை விமர்சிக்கலாம். ஆனால் ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கத்தை, அது உண்மையாகவே இருந்தாலும், இசைவின்றி வெளியிட்டால் பொறுப்பேற்க நேரும் என்றது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பாலியல் நாட்டமும் அந்தரங்க உரிமையைச் சேர்ந்ததே என்று கூறியது.

நடிகர் பொதுமனிதர்தானே என்பர். அவருடைய நடிப்பு பொது. படங்களும் அவர் மேடையில் பேசியவையும் பொது. அவருடைய உள்ளம் பொதுச்சொத்து அன்று. அந்த ஒரு வரி தவறாயிருந்தால் அது அவதூறு, சரியாயிருந்தால் புறம். இரண்டிற்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். இம்மையிலோ அவருடைய தாயும் மனைவி மக்களும் அவ்வரியை வாசிப்பார்கள். எழுதியவர் புனைபெயருக்குப் பின்னால் இருப்பார். அந்தக் கலைஞரின் பெயரை இங்கும் நாம் எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இணையத்தில் எழுதுவதைத் தடுக்காதீர்கள். எழுதும் முன் மூன்று கேள்விகளைப் பழக்குங்கள். இதை யார் சொன்னார்? சம்பந்தப்பட்டவரே சொன்னாரா? இதை எழுத வேண்டிய தேவை என்ன? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையெனினும் கை நிற்கட்டும்.

மாணவர் அந்த வரியைச் சேர்க்கவில்லை. வேறு என்ன எழுதலாம் என்று கேட்டார். கடல் விலகிப்போய் உள்நாட்டுச் சிற்றூராகிவிட்ட கொற்கையையும், மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகத்தையும், 1961ஆம் ஆண்டோடு இக்கடலில் நின்றுபோன முத்துச் சலாபத்தையும் சொன்னோம். இவற்றைப் பற்றித் தமிழில் நூலாதாரத்தோடு எழுத நிறையவே இருக்கிறது. யாருடைய மானத்தையும் தொட வேண்டியதில்லை. இப்போது அவர் நூலகத்திற்குப் போய்வருகிறார்.

பிறர் குறையை மறைப்போரின் குறையை மறைக்கும் வல்ல ரஹ்மான், நம் நாவுகளையும் விரல்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.