நடுவுல என்ன நடந்துச்சு சார்?

பி.காம் படிக்கிற பயலுக்கு ஆடியோவில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதுவும் கணக்குவழக்கு விவகாரம்தான் :-)

ஒரு கடைக்கு ஓவர்டிராஃப்ட் லிமிட் ஒரு லட்சம். மார்ச் 31 அன்று பார்த்தால் தொண்ணூறாயிரம். ஏப்ரல் 30 அன்றும் தொண்ணூறாயிரம். நடுவில் ஒன்றரை லட்சம் வரை போய் வந்ததை யார் பார்த்தது? அந்த இரண்டு தேதிகளை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போடும் ஆடிட்டரை என்ன சொல்வோம்? டிஏசி எனப்படும் டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர்களுக்கு ரிவ்யூ எழுதுபவர்களில் பலர் அந்த ஆடிட்டர்தான்.

விஷயம் இதுதான். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள்கள். ஒவ்வொன்றும் 16 பிட், அதிகபட்சம் 32,767. அதற்கு மேல் எழுத இடமில்லை. ஆனால் சாம்பிள்கள் அலை அல்ல, அலையின் மேல் வைத்த புள்ளிகள். நடுவில் அலை எவ்வளவு உயர்ந்தது என்பதை டிஏசிக்குள் இருக்கும் ஃபில்டர்தான் கணக்குப் போட்டு வரைகிறது. +32,767, +32,767, −32,767, −32,767 என்று திரும்பத் திரும்ப எழுதிப் பாருங்கள். அது 11,025 ஹெர்ட்ஸ் சைன் அலை. அதன் நிஜ உச்சி 46,340! அதாவது 3 டெசிபல் அதிகம். ஃபில்டரில் மேலே இடம் விடவில்லை என்றால் உச்சி வெட்டுப்படும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 2000லேயே நீல்சனும் லுண்டும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்துவிட்டார்கள். 2010ல் வந்த ஐரோப்பிய ஒலிபரப்பு விதி ஆர்128, நிஜ உச்சி −1 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றது. அப்புறமும் பல ரிவ்யூக்களில் என்ன இருக்கிறது? 1 கிலோஹெர்ட்ஸ் டோன், அழகான கிராஃப், ஐந்து நட்சத்திரம்!

சரி, நாமே பார்ப்போம் என்று ஹாஸ்டலில் உட்கார்ந்தேன். மேலே சொன்ன ஃபைல் ஒன்று, அதையே 4 டெசிபல் குறைத்து இன்னொன்று. கம்ப்யூட்டர் மிக்ஸரைத் தாண்டி, 44.1லேயே நேரடியாக அனுப்பி, நண்பனின் ரெக்கார்டிங் பெட்டியில் கெயினைக் குறைத்துப் பிடித்தேன். ஒழுங்கான டிஏசி என்றால் இரண்டுக்கும் நடுவே சரியாக 4 டெசிபல் வித்தியாசம் வரணும். நண்பனின் பழைய டிஏசியில் வந்தது. மெஸ் பில்லைத் தள்ளிப்போட்டு நான் வாங்கிய டாங்கிளில் வந்தது 2.3 தான். உச்சி பலமாக வெட்டுப்பட்டால் பேப்பரில் வரும் கணக்கும் கிட்டத்தட்ட அதுவே. அட்டைப்பெட்டியில் "டிஸ்டார்ஷனே இல்லை" என்று போட்டிருக்கிறது!

ஏன் இடம் விடுவதில்லை? ஃபில்டருக்கு முன் 3 டெசிபல் குறைத்தால் போதும். ஆனால் சிக்னல்-நாய்ஸ் எண்ணும் 3 குறையும். 120 என்று அச்சடித்ததை 117 என்று மாற்றணும். விற்குமா? பெஞ்ச்மார்க் மாதிரி 3.5 டெசிபல் இடம் விடுகிறோம் என்று சொல்லிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை.

"காதுக்குக் கேட்குமா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பஸ்ஸில் நிச்சயம் கேட்காது. பல பாட்டுகளை மாஸ்டரிங்கிலேயே நசுக்கித்தான் அனுப்புகிறார்கள், அந்தப் பாவம் டிஏசியுடையது இல்லை. ஆனால் கடைக்காரர் எடையில் பத்து கிராம் அடித்தால், "சாப்பிடும்போது தெரியவா போகுது" என்று விடுவோமா?

அதுவரைக்கும் பிளேயரின் டிஜிட்டல் வால்யூமை 4 டெசிபல் குறைத்து வையுங்கள். காசு செலவில்லை. ரிவ்யூ எழுதும் அண்ணன்களுக்கு ஒரே வேண்டுகோள்: அந்த நாலு எண்ணையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு நட்சத்திரம் கொடுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பேரேட்டைப் புரட்டணும்னு எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துட்டாங்க.