சுருக்குப்பையைக் கொட்டுங்க!

அணைக்கட்டுலேர்ந்து வேலூருக்கு பஸ் ஏறுற மக்களே, பாட்டியோட சுருக்குப்பையைக் கொஞ்சம் கவுத்துப் பாருங்க. தாமரை போட்ட மஞ்சள் 20 பைசா, காந்தி நூற்றாண்டுக்கு 1969-ல வந்த 20 பைசா கெடைச்சா பத்திரம். கோடிக்கணக்குல அடிச்ச காசுதான், லட்சமெல்லாம் வராது. ஆனா புளி போட்டுத் தேய்ச்சா இருக்குற மதிப்பும் போயிடும்! நாலணா 2011 ஜூன் 30-ஓட செல்லாக்காசு, ஞாபகத்துக்கு வெச்சுக்கலாம். கண்டக்டர் முறைச்சாலும் பத்து ரூபாய் காசு செல்லும், செலவு பண்ணுங்க.

'வைஷ்ணோதேவி காசுக்கு லட்ச ரூபாய், முதல்ல கமிஷன் கட்டு'னு போன் வந்தா? கட் பண்ணுங்க. தன் பேரைச் சொல்லியே இப்படிப் பறிக்கிறாங்கனு ரிசர்வ் வங்கியே 2021-ல எச்சரிச்சிருக்கு. தெரிஞ்ச ஹாஸ்டல் பையன் ஒருத்தன் செமஸ்டர் ஃபீஸ்லேர்ந்து ரெண்டாயிரம் அனுப்பிட்டான். அந்த அஞ்சு ரூபாய் இன்னும் அவன் பர்ஸ்லதான் இருக்கு. டீக்குக்கூட எடுக்க மாட்டேங்கிறான்.