அடுப்பங்கரைப் பந்தயம்

பனிக்காலத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் ஓய்ந்துவிடுகிறது. ரசிகர்களின் வாய் ஓய்வதில்லை. எவரைக் கொடுத்து எவரை வாங்கலாம், எதிர்க் கோஷ்டி வரும் பருவத்தில் தேறுமா என்று கணப்பைச் சுற்றி ஓயாத தர்க்கம். அதற்கு 'அடுப்பங்கரைப் பந்தயம்' என்றே பெயர். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் மாட்டின் சம்மதத்தைக் கேட்பதுண்டா?

ஸெயிண்ட் லூயிஸ் கோஷ்டிக்காக 12 வருஷம் ஆடிய கர்ட் பிளட் என்பவரை 1969-ல் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். தாம் விற்று வாங்கும் சொத்தல்ல என்று எழுதி, அவர் போக மறுத்தார், வழக்கும் தொடுத்தார். வருஷம் 90,000 டாலர் வாங்குகிறவருக்கு என்ன குறை என்று கேட்டவர்கள் உண்டு. நாம் கேட்க மாட்டோம். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் அவர் தோற்றார். ஒப்பந்தம் தீர்ந்தபின் இஷ்டமான கோஷ்டிக்குப் போகும் உரிமை, 1975-ல் வேறு இருவர் விஷயமாக ஒரு மத்தியஸ்தர் அளித்த தீர்ப்பினால்தான் பிறந்தது. அதற்குள் பிளட் மைதானத்தை விட்டு நாலு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.